படத்தில் இருப்பது கிராம்புஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் குளிர்காலப் பேய் வேடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத பொருள். எடுத்து வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் முழுப்பக்கப் படத்தின் கீழே ‘கிறிஸ்துமஸ் பிசாசு கிராம்புஸ்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது கிராம்புஸ் அல்ல.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். தலையில் கொம்பு கிடையாது. மரமுகத்தில் கோணிய வாய், அதில் நிஜ மாட்டுப்பல் பதித்திருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆட்டுத்தோல்களைத் தொங்கவிட்டு இடுப்பில் வாரால் இறுக்கியிருக்கிறார்கள். வாரில் ஒற்றை மாட்டுமணி. கையில் தடித்த நூல் கையுறை. இது சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், லோட்சன்டால் பள்ளத்தாக்கில் மட்டும் நடமாடும் ‘செகெட்டே’. இதற்கும் டிசம்பருக்கும் சம்பந்தமே இல்லை. பிப்ரவரி 2-ஆம் தேதி, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள் கழிந்த பிறகு கிளம்பும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயோடு அடங்கிவிடும். தெருவில் அகப்பட்டவரைப் பிடித்து முகத்தில் பனியைத் தேய்ப்பது அதன் வேலை. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று கணக்குக் கேட்பதில்லை.

கிராம்புஸ் கணக்குக் கேட்க வருவது. அதன் நாள் டிசம்பர் 5 இரவு, அதாவது பிள்ளைகளுக்குப் பரிசு தரும் புனித நிக்கோலாஸின் திருநாளுக்கு முந்தைய இரவு. ஆஸ்திரியா, பவேரியா, தென் டிரோல், ஸ்லோவேனியா என்று ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய ஊர்களில் வரும். அது தனியாக வருவதல்ல. ஆயர் தொப்பியும் செங்கோலும் தாங்கிய நிக்கோலாஸுக்குக் கட்டுப்பட்ட ஏவலாள். இந்த ஒரு செய்தி கட்டுரையில் விடுபட்டதால்தான், வெறிகொண்டு தெருவில் அடித்துத் திரியும் கூட்டம் என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடுகிறது.

கட்டுரையாளர் ‘பெர்க்டன்’ வேடத்தையும் இதே கணக்கில் சேர்த்துவிட்டார். அது வேறு. கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் தொடங்கி ஜனவரி 6 மூன்று அரசர் திருநாள் வரை உள்ள புகை இரவுகளோடு சேர்ந்தது பெர்க்டன். டிசம்பர் 21, 24, 31, ஜனவரி 5 ஆகிய இரவுகளில் தணல் போட்ட சட்டியில் நறும்பிசினைத் தூவி, நம் வீடுகளில் சாம்பிராணி காட்டுவதைப் போலவே அறை அறையாக, மாட்டுத்தொழுவம் வரை புகை காட்டுவார்கள். அந்த நாட்களில் துணி துவைத்துக் கொடியில் போடக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. பெர்க்டா என்ற மூதாட்டி வீட்டுச் சுத்தத்தையும் நூற்பு வேலையையும் பார்க்க வருவாள் என்பது நம்பிக்கை. அவள் பரிவாரத்தில் கோர முகங்களும் உண்டு, அழகு முகங்களும் உண்டு. சால்ஸ்புர்க் மாநிலத்தின் பொங்காவ் பகுதியில் சாங்க்ட் யோஹான், ஆல்டன்மார்க்ட், பிஷோஃப்ஸ்ஹோஃபன், காஸ்டைன் ஆகிய நான்கு ஊர்களும் ஆண்டுக்கு ஒன்றாக முறைவைத்துப் பெர்க்டன் ஊர்வலம் நடத்துகின்றன. அங்கே அழகுப் பெர்க்டன் தலையில் சுமக்கும் கண்ணாடியும் பூவும் பதித்த கோபுரம் 50 கிலோ வரை இருக்கும். அதோடு குனிந்து வணங்கி நிமிர வேண்டும்.

இரண்டு கொம்பு என்றால் கிராம்புஸ், அதற்கு மேல் என்றால் பெர்க்டன் என்று ஒரு சூத்திரம் இணையத்தில் சுற்றுகிறது. நம்ப வேண்டாம். காஸ்டைன் பள்ளத்தாக்குக் கிராம்புஸுக்குப் பல ஜோடிக் கொம்புகள் உண்டு. தேதியைப் பாருங்கள், கூட வருபவர் யார் என்று பாருங்கள். அது போதும்.

கிராம்புஸ் முறையாக நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் காஸ்டைனுக்குத்தான் போக வேண்டும். ஏறத்தாழ நூறு குழுக்கள். ஒவ்வொன்றையும் ‘பாஸ்’ என்கிறார்கள். ஒரு பாஸில் நிக்கோலாஸ், தேவதை, பரிசுக்கூடை சுமப்பவர், அவர்களுக்குப் பின் நான்கு முதல் ஆறு கிராம்புஸ். டிசம்பர் 5, 6 இரண்டு மாலையும் வீடு வீடாக நடக்கிறார்கள். நிக்கோலாஸும் தேவதையும் கூடைக்காரரும் முதலில் உள்ளே வருவார்கள். கிராம்புஸ் கதவுக்கு வெளியே நிற்கும். மணிச்சத்தம் மட்டும் கேட்கும். பெற்றோர் முன்கூட்டியே தந்த குறிப்பை நிக்கோலாஸ் தன் புத்தகத்திலிருந்து வாசிப்பார். பிள்ளை ஒரு பாட்டோ ஜெபமோ சொல்லும், பரிசு வாங்கும். அதற்குப் பிறகே, நிக்கோலாஸ் சம்மதித்தால், கிராம்புஸ் உள்ளே வரும். பரிசு முதலில், பயம் பிறகு என்ற இந்த வரிசையை மாற்றினால் பிள்ளைக்கு நிக்கோலாஸ் சொன்ன ஒரு சொல்லும் காதில் ஏறாது. தெருவில் இரண்டு பாஸ்கள் எதிர்ப்பட்டால் கிராம்புஸ்கள் எதிரெதிரே வந்து தோளோடு தோள் மோதிக்கொள்வதும் சண்டையல்ல, வணக்கம். மோதும்போது முதுகுப்பக்கம் கட்டிய மணிகள் ஒரே அதிர்வில் ஒலிக்க வேண்டும். அதில்தான் ஆளின் திறமை.

முகமூடியைப் பற்றி ‘மரத்தில் செய்வார்கள்’ என்ற ஒரு வரியோடு கட்டுரை நின்றுவிட்டது பெரிய குறை. உங்கள் வாசகர்களில் மரம் செதுக்குபவர்களும் நாடகக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரும்பாலும் இரண்டு மரங்கள்: ஆல்ப்ஸ் உயரத்தில் வளரும் ‘ஸிர்பெ’ பைன், அல்லது லிண்டன். ஸிர்பெ இலேசானது, மணமுள்ளது. லிண்டனில் இழை ஒரே சீராக ஓடுவதால் சுருக்கம், மூக்குத்துளை போன்ற நுண்வேலைக்கு உளி வழுக்காது. அடிமரத்தை நடுவே பிளந்து, நடுத்தண்டை அகற்றிவிட்டுத்தான் கட்டை எடுக்க வேண்டும். நடுத்தண்டு உள்ளே தங்கினால், மரம் காயும்போது அதைச் சுற்றி ஆரம் ஆரமாக வெடிக்கும். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே கீறலாகப் போய்விடும். ஓர் அங்குல கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர்த்து என்பது மரவேலைக்காரர்களின் பொதுக்கணக்கு.

வெளிமுகத்தை முடித்தபின் உட்பக்கம் குடைகிறார்கள். சுவர்க்கனம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்கு வரும். கொம்பு உட்காரும் இடத்தில் மட்டும் அதைப்போல் இரட்டிப்புக் கனம் விட வேண்டும். இங்கே கஞ்சத்தனம் பார்த்தால் முதல் மோதலிலேயே திருகாணி பிய்த்துக்கொண்டு வரும். உள்ளும் புறமும் பூச்சு கொடுப்பது அவசியம். வெளியே மட்டும் வண்ணம் பூசினால், மணிக்கணக்காக உள்ளே படும் மூச்சின் ஈரத்தை உட்பக்க மரம் குடித்து உப்பும், வெளிப்பக்கம் அசையாது நிற்கும்; விரிசல் அங்கே தொடங்குகிறது. நனைந்த முகமூடியை அடுப்பருகே காயவைப்பதும் அதே தவறுதான்.

கொம்பு வெள்ளாடு, செம்மறிக்கடா, மலை ஆடு ஆகியவற்றினுடையது. வெந்நீரில் ஊறவைத்துக் கொம்புக்கூட்டை உள்ளிருக்கும் எலும்பிலிருந்து கழற்ற வேண்டும். எலும்போ சதையோ மிச்சம் இருந்தால் சூடான வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். கழற்றிய கூட்டுக்குள் அளவாகச் சீவிய மரக்கட்டையை இறக்கி, முகமூடியின் உட்பக்கத்திலிருந்து திருகாணியால் பிணைக்கிறார்கள். கொம்பு பின்னோக்கிச் சாய்ந்தால்தான் எடை கழுத்துக்கு மேலே நிற்கும். முன்னே தள்ளினால் சிறிது நேரத்திலேயே தாடை நெஞ்சில் இடிக்கும். தலையின் பின்பக்கத்தைத் தோல்வாரும் பஞ்சுத்திண்டும் தலைக்கவசம்போல் இறுகப் பிடிக்க வேண்டும். கொம்போடு முகமூடி ஐந்தாறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஆட்டுத்தோல் உடையும் மணிவாரும் சேர்ந்தால் மொத்தம் 20 கிலோவுக்கு மேல்.

இந்த எடைதான் பார்வையாளருக்கும் எச்சரிக்கை. ஆர்வத்தில் கொம்பைப் பிடித்து இழுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொம்பின் நுனி நீண்ட நெம்புகோல். மெல்ல இழுத்தாலே உள்ளே இருப்பவரின் கழுத்து திருகிக்கொள்ளும். கண் துளையின் வழியே அவருக்குத் தன் காலடி தெரியாது. கீழே நிற்கும் குழந்தையும் தெரியாது. அதனால்தான் வேடமில்லாத துணையாள் ஒருவர் பக்கத்தில் நடக்கிறார். பிள்ளையோடு போனால் அந்தத் துணையாளுக்கு அருகே நில்லுங்கள். தோல்முடியும் செயற்கை முடியும் தீயை விரைவாகப் பற்றும் என்பதால் மத்தாப்பு, பந்தம் எரியும் இடத்திலிருந்து தள்ளியே இருங்கள். பிர்ச் மர விளாறால் முழங்காலுக்குக் கீழே மட்டும் தட்டலாம் என்பது பல குழுக்களின் விதி. பல ஊர்களில் வேடக்காரருக்கு எண் கட்டாயம்; அத்துமீறினால் எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் தரலாம். குடித்துவிட்டு முகமூடி மாட்டுவதே பெரும்பாலான அத்துமீறலுக்குக் காரணம் என்பதால் நல்ல குழுக்கள் அதில் கண்டிப்பாக இருக்கின்றன. கிழக்கு டிரோலில் மட்டும் நிலைமை வேறு. அங்கே வேடக்காரர்கள் வீட்டு மேசையை வெளியே இழுக்கப் பார்ப்பார்கள், வீட்டு இளைஞர்கள் மல்லுக்கட்டித் தடுப்பார்கள். அது நிஜமான மல்யுத்தம்; பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடுவே நிற்கும் இடமல்ல.

கட்டுரையில் உள்ள மற்றொரு கூற்றையும் திருத்த வேண்டும். கிராம்புஸ் பழைய வட ஐரோப்பிய (நார்ஸ்) புராணத்தின் மரணலோகத் தெய்வம் ஹெலின் மகன் என்பதற்கு எந்தப் பழைய ஆதாரமும் இல்லை. அண்மைக்காலத்தில் கட்டிய கதை அது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய காலத்திலிருந்து அறுபடாமல் வருவது என்பதும் நிறுவப்படாத ஊகமே. நிக்கோலாஸ் இல்லாமல் கிராம்புஸின் வேலை என்ன என்று கேட்டாலே அது திருச்சபை நாட்காட்டிக்குள் வளர்ந்த உருவம் என்பது விளங்கும்.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. டிசம்பர் 6-ஐ ஒட்டிப் பாலர் வகுப்புக்கு வரும் சாமிகிளவுஸின் (நிக்கோலாஸுக்கு அங்கே அதுதான் பெயர்) பக்கத்தில் பழுப்பு அங்கியும் கரி பூசிய முகமுமாக நிற்கும் ‘ஷ்முட்ஸ்லி’ இதே குடும்பத்து ஆள்தான். இன்று அவர் சாக்கிலிருந்து வருவது நிலக்கடலை, மாண்டரின், மசாலா ரொட்டி. பிள்ளையைப் பற்றிக் குறிப்பு எழுதித் தரும்படி கேட்டால் ஒரு பாராட்டு, ஒரு திருத்தம், இரண்டையும் எழுதுங்கள். ‘சாக்கில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள்’ என்று விளையாட்டுக்குக்கூட எழுதாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும்.

படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்துவீர்கள் என்று நம்புகிறேன். இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. தவக்காலத்துக்கு முந்தைய வியாழன் இரவு செகெட்டே ஊர்வலம் புறப்பட்டு வந்த ஊர் பிளாட்டன். 2025 மே 28 அன்று மேலிருந்த பிர்ஷ் பனியாறு பாறையோடு சரிந்து அந்த ஊரின் பெரும்பகுதியைப் புதைத்துவிட்டது. மக்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள்; வீடுகள் போயின. அந்தப் பள்ளத்தாக்கின் முகம் ஒன்றை அச்சிடும்போது அதன் பெயரோடு அச்சிடுங்கள்: செகெட்டே, லோட்சன்டால்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெர்ன், சுவிட்சர்லாந்து