அனுபவம் இல்லை என்று சொல்லும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தை நான் இன்னும் விடாமல் வாசிக்கிறேன். எனக்கு இனி வேலை தேவையில்லை, ஓய்வூதியம் வருகிறது. அரச திணைக்களமொன்றில் லிகிதராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவள் நான். சேவையில் இருந்த காலத்தில் நேர்முகப் பரீட்சைச் சபைகளில் இருந்திருக்கிறேன். இப்போதும் எங்கள் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கமொன்று ஆள் எடுக்கும்போது என்னைக் கூப்பிடுவார்கள். அண்மையில் கணக்கு உதவியாளர் ஒருவரைத் தெரிவுசெய்ய அப்படிப் போயிருந்தேன். அங்கே கண்டதைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வந்தவர்கள் எல்லாரும் வடிவாக உடுத்தி, நேரத்துக்கே வந்திருந்தார்கள். உடுப்பு விஷயத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. (வைகாசி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வரும் பெடியனுக்குக் கழுத்துப்பட்டி எதற்கு? தோய்த்து அயன் பண்ணிய சேட் போதும் என்பது என் கட்சி.) அவர்கள் தடுக்கி விழுந்தது ஒரு சாதாரண கேள்வியில். "என்ன அனுபவம் இருக்கு?" என்று கேட்டால், "இல்லை மிஸ்." அடுத்தவரும் "இல்லை சேர்." அதோடு கதை முடிந்துவிடும். தலை குனிந்துவிடும்.

தீவுப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். உயர்தரத்தில் வர்த்தகம், அதற்குப் பிறகு ஒரு கணினிப் பயிற்சி. "இப்ப என்ன செய்யிறீர்?" என்றதற்கு "சும்மாதான் இருக்கிறன்" என்றார். அவருடைய கோப்பின் கடைசியில் ஊர்ச் சனசமூக நிலையம் கொடுத்த நற்சான்றுக் கடிதம் ஒன்று இருந்தது. அதில் 'எமது நிலையத்தின் பொருளாளர்' என்று ஒரு வரி. இதென்ன தம்பி என்று கேட்டேன். அப்புறம்தான் கதை வந்தது. சந்தாக் காசு, பேப்பர் பில், விளையாட்டு விழாவுக்குக் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வரும் நன்கொடை எல்லாம் அவர் கையில்தான். காசு அனுப்பியவர் வாட்ஸ்அப்பில் பற்றுச்சீட்டுக் கேட்பார் என்பதால் எல்லாவற்றையும் எக்செலில் போட்டு வைத்திருக்கிறார். ஒருமுறை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் பந்தல் செலவு பிழை என்று எழும்பிச் சண்டை பிடிக்க, இவர் பில் புத்தகத்தை விரித்துக் காட்டிக் கணக்கறிக்கையை நிறைவேற்றியிருக்கிறார். இதைச் சொல்லும்போது குனிந்திருந்த பிள்ளை நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார். எங்களுக்குத் தேவையான ஆள் அப்படியே முன்னால் இருக்கிறார், அவரோ சும்மா இருக்கிறாராம்! அன்று அவருக்கு இரண்டாமிடம்தான் கிடைத்தது. அந்தக் கடிதத்தை நான் கடைசியில் புரட்டியிருக்காவிட்டால் அதுவும் இல்லை.

ஏன் இப்படி? சான்றிதழ் இல்லாத எதுவும் அனுபவக் கணக்கில் சேராது என்று நாங்கள்தான் பழக்கி வைத்திருக்கிறோம். போதாததற்கு, தன்னைப் பற்றித் தானே சொன்னால் பெருமையடிக்கிறான் என்பார்கள் என்ற பயம். "நான் கெட்டிக்காரன்" என்றால் அது பெருமை. "திருவிழாக் கணக்கில் இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு, ஒருமுறை காசு கணக்கோடு ஒத்துவரவில்லை, பிழையை இப்படித் தேடிப் பிடித்தேன்" என்றால் அதில் பெருமை எங்கே இருக்கிறது? அறநெறி வகுப்பில் படிப்பித்த பிள்ளை, புலமைப்பரிசில் சிறுவர்களுக்கு வீட்டுத் திண்ணையில் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை, தாயோடு சேர்ந்து ஒடியலும் புழுக்கொடியலும் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய பிள்ளை, எல்லாரும் "இல்லை" என்றுதான் சொன்னார்கள்.

அரச வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பொது நேர்முகப் பரீட்சை என்றால் புள்ளி கிடையாது, தகைமையையும் ஆவணங்களையும் சரிபார்ப்பார்கள். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்றால் புள்ளி உண்டு, எதற்கு எத்தனை என்று பெரும்பாலும் அறிவித்தலிலேயே இருக்கும். அதை வாசிக்காமலே வருகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால் சத்தியக்கடதாசியை முன்கூட்டியே முடித்து வைக்கவேண்டும். மூலப்பிரதி கேட்டபோது "அப்பாட்டை இருக்கு" என்று வெளியே ஓடிய பிள்ளையையும் கண்டேன். தகப்பன்மார் கொண்டுவந்து இறக்கிவிடுவது நல்லதுதான். கோப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொள்ளுங்கள்.

சிங்களத்தில் ஒரு கேள்வி வந்தால் வாய் அடைத்துப் போவதும் தேவையில்லை. கொஞ்சம் விளங்கும், கதைக்கப் படிக்கிறேன் என்று தெரிந்த நாலு வசனத்தில் சொன்னாலே போதும். அரச சேவையில் சேர்ந்த பிறகு எப்படியும் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெறத்தான் வேண்டும்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. "எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்? ஆற்றை பிள்ளை?" என்று தொடங்குவதை விடுங்கள். அந்தக் கேள்வி எதை அளக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். விலாசம் விண்ணப்பத்தில் இருக்கிறது. பெண்பிள்ளைகளிடம் "கலியாணம் எப்ப?" என்று கேட்பதும் அப்படித்தான். இவற்றுக்குப் போகும் நேரத்தில் "வீட்டிலும் ஊரிலும் என்ன பொறுப்புப் பார்த்தீர்?" என்று ஒரு கேள்வி கேட்டால் ஆளை அறியலாம்.

சனசமூக நிலையங்களிடம் ஒரு வேண்டுகோள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை ஒரு பின்னேரம் கூட்டி, ஊரிலுள்ள ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களை மேசையில் இருத்தி, ஆளுக்குப் பத்து நிமிடம் கேள்வி கேட்க வையுங்கள். மண்டபம் இருக்கிறது, கதிரை இருக்கிறது, ஓய்வுபெற்றவர்களுக்கு எங்கள் ஊர்களில் பஞ்சமேயில்லை. கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ப் பக்கம் என்றால் நானே வருவேன். சனி, ஞாயிறு நாலு மணிக்குப் பிறகு வசதி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர்,
கோண்டாவில்.