சுரங்க ரயில் பாதையை மூடும் முடிவை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்: நியூயார்க் போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆற்றுக்கு அடியில் செல்லும் சுரங்க ரயில் பாதையொன்றைப் பழுதுபார்ப்பதற்காக நீங்கள் இனி மூட நேர்ந்தால், எத்தனை மாதம் மூடுவது, வேலையை எந்த முறையில் செய்வது என்ற இரண்டையும் வெளியார் ஆய்வுக்கு உட்படுத்தித் தீர்மானித்த பிறகே பயணிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். மூடுவதே கூடாது என்பது என் வாதமன்று. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயலில் ஒன்பது ஆற்றடிச் சுரங்கங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கடல்நீரை இறைத்து வெளியேற்றிவிட்டாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். அது சமிக்ஞைக் கருவிகளையும் மின்வடங்களையும் கான்கிரீட்டையும் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பாதைகளைக்கூடப் பின்னர் மூட வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம் என்பதைப் பயணிகள் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மாண்டேகு சுரங்கத்தில் நீங்கள் நடந்துகொண்ட விதத்தை முதலில் பாராட்ட வேண்டும். நகரின் பகுதிகளான கீழ் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் அந்தச் சுரங்கத்தில் 2 கோடியே 70 லட்சம் காலன் உப்புநீர் நிறைந்திருந்தது. 2012 டிசம்பரில் ‘ஆர்’ (R) என்ற எழுத்தால் அழைக்கப்படும் தடத்தின் ரயில் அதில் மீண்டும் ஓடத் தொடங்கியது என்றாலும், தற்காலிகச் சீரமைப்பு நெடுநாள் தாங்காது என்பது தெரிந்ததும், 14 மாதங்கள் முழுமையாக மூடப்போவதாக அறிவித்து 2013 ஆகஸ்டில் மூடினீர்கள். வேலைநாளில் ஏறத்தாழ 65,000 பேர் பயன்படுத்திய தடம் இரண்டு துண்டானது. புரூக்ளினின் பே ரிட்ஜிலிருந்து வந்த ரயில் கோர்ட் ஸ்ட்ரீட் நிலையத்தோடு நின்றது; மன்ஹாட்டன் பக்கத்து ரயில் வொயிட்ஹால் ஸ்ட்ரீட்டிலிருந்து புறப்பட்டது. அலுவலகம் செல்வோர் அட்லாண்டிக் அவென்யூவிலோ ஜே ஸ்ட்ரீட்டிலோ இறங்கி, ஏற்கெனவே நிரம்பி வழிந்த வேறு ரயில்களில் ஏற வேண்டியிருந்தது. வார இறுதியில் மட்டும் ஆர் ரயிலை மன்ஹாட்டன் பாலம் வழியாக விட்டீர்கள். ஓராண்டுக்கும் மேலாக, ஒருமுறை ஏறி இறங்க வேண்டிய பயணம் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கும் பயணமாகிவிட்டது. முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கும் குழந்தையைத் தூக்கி வரும் தாய்மார்களுக்கும் அது எளிதான ஏற்பாடன்று. ஆயினும் மக்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். என்று முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொன்ன காலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே, 2014 செப்டம்பர் 15 அன்று, சுரங்கம் திறக்கப்பட்டது.

கனார்சி சுரங்கத்தில் அந்த நம்பிக்கை குலைந்தது. மன்ஹாட்டனுக்கும் புரூக்ளினுக்கும் இடையே நாளொன்றுக்குச் சுமார் 2,25,000 பேர் ‘எல்’ (L) ரயிலில் கடக்கும் அந்தச் சுரங்கத்தை 18 மாதங்கள் மூடுவதாக 2016 ஜூலையில் அறிவித்தீர்கள். பிறகு அது 15 மாதங்களாகக் குறைந்தது. 2019 ஏப்ரலில் மூட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பொதுக்கூட்டங்கள் நடந்தன. வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் பேருந்துகள், கிழக்கு ஆற்றில் படகுகள், மன்ஹாட்டனின் 14ஆம் தெருவில் பேருந்துத் தடம் என்று விரிவான மாற்றுத் திட்டமும் உருவானது. பயணிகள் தங்கள் பங்குக்கு வீடு மாறினார்கள், வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டவர்களும் உண்டு. இந்நிலையில், 2018 டிசம்பரில் அப்போதைய நியூயார்க் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ கார்னெல், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் பொறியியலாளர்களுடன் சுரங்கத்தைப் பார்வையிட்டார். 2019 ஜனவரி 3 அன்று, முழுமையாக மூடத் தேவையில்லை என்று அவர் அறிவித்தார். பாதையோரக் கான்கிரீட் திண்டை முழுவதும் இடித்து அதற்குள் வடங்களைப் பதிப்பதற்குப் பதிலாக, சுரங்கச் சுவரில் தாங்கிகள் அமைத்து அவற்றில் வடங்களைக் கொண்டுசெல்லலாம் என்பதே புதிய திட்டம். இரவுகளிலும் வார இறுதிகளிலும் ஒரு தண்டவாளத்தில் மட்டும் ரயில் ஓட, 2020 ஏப்ரலில் வேலை முடிந்தது.

வேலைநாள் பயணம் காப்பாற்றப்பட்டது பெரிய நன்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வல்லுநர்களின் கருத்து, அறிவிப்பு வந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து, மூடுவதற்கு நான்கு மாதங்கள்கூட இல்லாத நேரத்தில் வந்திருக்க வேண்டியதில்லை. 2016 ஜூலைக்கு முன்பே அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், எத்தனையோ குடும்பங்கள் வாழ்க்கையைத் தேவையின்றி மாற்றியமைத்திருக்க மாட்டா. வீடு மாறியவர்களின் செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இடம்பெறவில்லை. இரவுப் பணிக்குச் செல்லும் துப்புரவாளர்களும் உணவக ஊழியர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்த ரயிலுக்காக ஓராண்டு காத்திருந்தார்கள். மாற்றப்பட்ட திட்டத்தின் சுமை பெரும்பாலும் அவர்கள் தோளில்தான் விழுந்தது. பொதுப் பேச்சில் அவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே கேட்டேன்.

நல்லதும் ஒன்று மிஞ்சியது. எல் தடத்துக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட 14ஆம் தெருப் பேருந்துத் தடம் 2019 அக்டோபரில் வந்தது. பழுதுபார்ப்பு முடிந்த பிறகும் அது நீடிக்கிறது. 2025 ஜனவரி முதல் மே வரை நகரின் கடலோரப் பகுதியான ராக்கவேக்குச் செல்லும் ‘ஏ’ (A) ரயில் தடத்தை மூடியபோது கட்டணமில்லாப் பேருந்துகளை விட்டதும் சரியான செயல்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மூடும் திட்டம் எதுவானாலும், ஆணையத்தைச் சாராத பொறியியலாளர்களின் ஆய்வறிக்கையை அறிவிப்போடு சேர்த்தே வெளியிடுங்கள். எத்தனை பயணிகளுக்கு எவ்வளவு கூடுதல் நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட்டு, இரவுநேரப் பயணிகளைத் தனியாகக் காட்டி, அதையும் திட்டச் செலவாக மதிப்பீட்டில் எழுதுங்கள். அறிவித்த பிறகு திட்டத்தை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், அந்த முடிவு செய்தியாளர் கூட்டத்தில் அல்லாமல், பயணிகள் பேசக்கூடிய உங்கள் பொதுக்கூட்டத்தில் எடுக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
எல் தடப் பயணி ஒருவர்