வௌவால் குகைக்குள் டார்ச் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் நண்பர்கள் ஐந்து பேர் சென்னையிலிருந்து வேன் பிடித்து ஆந்திராவின் கர்னூல் பக்கம் போயிருந்தோம். இருட்டும் நேரத்தில் ஒரு சுண்ணாம்புக் குகை வாசலில் நின்றோம், வௌவால்கள் புகை சுழல்வது மாதிரி கிளம்பி வந்தன, அதோடு திரும்பியிருக்கலாம். வழிகாட்டி என்று தலைக்கு 300 ரூபாய் வாங்கிய ஆள் (பெயர் வேண்டாம்) எங்களை உள்ளே கூட்டிப்போய் விசில் அடித்து, கூரையில் டார்ச் அடித்து 'ஷோ' காட்டினார். நாங்களும் செல்போனைத் தூக்கினோம், பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் படித்தேன். தாய் இரை தேடிப் போகும்போது குட்டியைக் குகையிலேயே விட்டுப்போவது உண்டாம். பெரும்பாலான இனங்கள் வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், அது பயந்து கீழே விழுந்தால் பிழைப்பது கஷ்டம். நமக்கும் நல்லதில்லை, அந்த எச்சத் தூசியில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கலாம். நாங்கள் ஒருவரும் மாஸ்க் போடவில்லை, சட்டை நாற்றம் மூன்று துவையலுக்கும் போகவில்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவாலைத் தொல்லை விலங்கு என்று வைத்திருந்த அட்டவணையையே 2022 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வைக்காத கிராமங்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. சென்னையிலிருந்து வார இறுதி டூர் நடத்துகிறவர்கள் 'இரவுக் குகை' என்று விற்பதை நிறுத்தி, வாசலில் தள்ளி நின்று பார்க்க வைத்தால் போதும், காசு அதற்கும் கொடுப்போம்.

– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை