செயலாளரின் ஆண்டறிக்கை: நடந்தால் வெள்ளி, நின்றால் கழிவு

நம் நடைச் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் நடை, தீபாவளி ஒன்றுகூடல் இரண்டும் நன்றாக நடந்தன. முறுக்கு மிஞ்சவில்லை. பீஷான் அங் மோ கியோ பூங்காவில் சனிக்கிழமை நடை, மழைக்காலத்தில் சில வாரம் தடைப்பட்டதைத் தவிர, ஆண்டு முழுவதும் தொடர்ந்தது. சங்கத்தின் நீலச்சட்டை இன்னும் வராதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

சரி, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது ‘அங் பாவ்’ (அன்பளிப்புப் பணம் வைக்கும் சிவப்பு உறை) திட்டம்தான். நம் நிதியில் ஒரு பகுதியை, நடக்கவே வராதவர்களை நடக்கவைக்கச் செலவிடலாம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். காசு கொடுத்து நடக்கவைப்பது நம் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சைத் தொடங்கி, கையில் கட்ட, காலடி எண்ணும் இலவசப் பட்டையும் கொடுத்தது. அதன் ஹெல்தி 365 செயலியில் 150 புள்ளி சேர்ந்தால் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள பற்றுச்சீட்டு. 2020இல் வந்த லூமிஹெல்த் திட்டத்தில், ஆப்பிள் கடிகாரம் வைத்திருப்பவர் இரண்டு ஆண்டில் 380 வெள்ளி வரை பெற வழியிருந்தது. ஆளுக்கொரு குடும்ப மருத்துவர் என்ற அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்து மருத்துவரை முதல்முறை பார்த்ததற்கு 20 வெள்ளி மதிப்புள்ள புள்ளிகள் நம்மில் பலருக்கும் கிடைத்தன.

ஆனால் நம் அடுக்குமாடி புளோக்குகளில் பற்றுச்சீட்டுகளை முதலில் வாங்கியவர்கள் யார்? விடியும் முன்பே பூங்காவில் இருப்பவர்கள். எத்தனை காலடி என்று மட்டும் பார்த்துக் கொடுத்தால், நடப்பவர்களுக்கே காசு போகும். ஒருவர் பட்டையைப் பேரனின் ஸ்பிரிங் தொட்டிலில் கட்டிவிட்டு நாளிதழ் படித்த கதையும் உண்டு. அவர் இன்று அவையில் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

திட்டத்தை வகுக்குமுன் செயற்குழு சில ஆய்வுகளைப் படித்துப் பார்த்தது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் எரிக் ஃபிங்கல்ஸ்டைன் குழு இங்கேயே, 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை, ஒரு பிரிவுக்குக் காலடி எண்ணும் கருவி மட்டும். மற்ற இரண்டு பிரிவுகளுக்குக் கருவியோடு பணமும் உண்டு. ஒன்றில் அது அறநிதிக்குப் போகும், இன்னொன்றில் நடந்தவர் கைக்கே வரும். வாரத்தில் 50,000 காலடி தாண்டினால் 15 வெள்ளி, 70,000 தாண்டினால் 30 வெள்ளி. பணம் கொடுத்த ஆறு மாதமும் கையில் வாங்கியவர்களே முன்னால் இருந்தார்கள். பணம் நின்று இன்னொரு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்களிடம் அந்தப் பலன் தங்கவில்லை. கருவி மட்டும் வாங்கியவர்களிடம் கொஞ்சம் தங்கியிருந்தது. எடையோ ரத்த அழுத்தமோ எந்தப் பிரிவிலும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஊழியர்கள் 281 பேரிடம் நடந்த ஒன்று. இலக்கு நாளுக்கு 7,000 காலடி. எட்டிய நாளுக்கு 1.40 டாலர் கொடுத்தபோது, 35 விழுக்காட்டு நாள்களில் எட்டினார்கள். ஒன்றுமே கொடுக்காத பிரிவு 30 விழுக்காடு. மாதத் தொடக்கத்திலேயே 42 டாலரை அவர்கள் கணக்கில் போட்டுவிட்டு, தவறிய நாளுக்கு 1.40 டாலர் கழித்த பிரிவு மட்டும் 45 விழுக்காடு. தொகை அதேதான். கையில் வந்தது போகிறதே என்ற பதைப்புதான் ஆளைக் கிளப்பியிருக்கிறது.

நம் திட்டம் இதைப் பார்த்துச் செய்தது. உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் நடக்காத ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். (மனைவிகள் கணவரைப் பரிந்துரைத்ததுதான் அதிகம். ஒரு மாமியார் மருமகனைப் பரிந்துரைத்தார்.) ஒவ்வொருவர் பெயரிலும் அங் பாவ் உறையில் 20 வெள்ளி போட்டுப் பொருளாளரிடம் கொடுத்தோம். பத்து வாரம். இலக்கு எல்லாருக்கும் 10,000 இல்லை, அவரவர் வழக்கமாக நடப்பதற்கு மேல் 2,000. தவறிய வாரம் 2 வெள்ளி வெளியே வரும். அடுத்த வாரமே திரும்பி வந்து நடந்துவிட்டால் ஒரு வெள்ளி மீண்டும் உள்ளே போகும்.

இந்தத் திரும்பி வரும் வெள்ளி நாமாகக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் ஓர் உடற்பயிற்சிக்கூட நிறுவனத்தின் 60,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் 54 உத்திகளைச் சோதித்த ஆய்வு 2021இல் வந்தது. ஒருமுறை தவறவிட்டு மறுபடி வந்தவருக்குச் சில காசு கூடுதலாகக் கொடுத்த உத்திதான் அதில் முதலிடம். நம்மிடமும் அதுவே நன்றாக வேலை செய்தது என்பது என் கணிப்பு. ஒரு வாரம் விட்டதும் ‘இனி என்ன’ என்று மொத்தமாக நின்றுவிடுபவர்களை அந்த ஒரு வெள்ளி திரும்ப அழைத்து வந்தது.

குறைகளும் வந்தன. கழித்த பணத்தைக் காப்பிக்கடைச் செலவுக்கு எடுத்ததால், அடுத்தவர் வராவிட்டால் தமக்குத் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) என்று சிலர் கணக்குப் போட்டார்கள். முழங்கால் வலியோடு எண்ணிக்கைக்காக நடந்த ஒருவர் பலதுறை மருந்தகத்துக்குப் போக நேர்ந்தது. பத்து வாரம் முடிந்து உறையை வாங்கியதும் காணாமல் போனவர்களும் இருக்கிறார்கள். இன்றும் வருபவர்கள் பெரும்பாலும், ஒரே நேரத்துக்கு இறங்கிவரும் துணை கிடைத்தவர்கள். உறையைப் பற்றி அவர்கள் இப்போது கேட்பதே இல்லை.

வழக்கமாக நடப்பவர்களுக்கும் அங் பாவ் வேண்டும் என்ற மனு செயற்குழுவுக்கு வந்தது. ஏற்கவில்லை. நீங்கள் எப்படியும் நடப்பீர்கள்.

அடுத்த ஆண்டுக்கு நான்கு மாற்றங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. அதே 20 வெள்ளி, ஆனால் இருபது வாரத்துக்கு. தவறினால் ஒரு வெள்ளி கழியும், திரும்பி வந்தால் அது முழுதாகத் திரும்பும். புதிதாகச் சேர்பவருக்கு அதே புளோக்கிலோ பக்கத்துப் புளோக்கிலோ ஒரு நடைத்துணை. மூட்டுவலி, இதயக்கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே சேரலாம். கழித்த பணம் இனிக் காப்பிக்கடைக்குப் போகாது, சங்கத்தின் உதவி நிதிக்குப் போகும்.

பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசித்ததும் இவற்றை வாக்கெடுப்புக்கு விடுகிறேன். நடைத்துணையாக இருக்க முன்வருபவர்கள் வாசலில் உள்ள தாளில் புளோக் எண்ணையும் நேரத்தையும் எழுதவும். காலை ஐந்தரை என்று யாரும் எழுத வேண்டாம், புதியவர்கள் ஓடிவிடுவார்கள்.

செயலாளர்