நாட்டியக் கலைக்கூடம் என்றால் முத்திரை வடிவக் கூரைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூரில் நாட்டியத்துக்கென்று தனியாக ஒரு கலைக்கூடம் வேண்டும் என்ற பேச்சு கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் யாராவது மறுபடி எடுப்பார்கள். கட்டடக் கலை படிக்கிற மாணவர்கள் சிலர் இதே விஷயமாக அண்மையில் என்னிடம் வந்தார்கள். ஊரில் ஆடப்படும் ஆட்டத்திலிருந்தும் ஊரின் தெரு அமைப்பிலிருந்தும் வடிவம் எடுத்து ஒரு கலைக்கூடம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார் அவர்களுடைய பேராசிரியர். நல்ல பயிற்சிதான். ஆனால் பிள்ளைகள் வரைந்து எடுத்துவந்த படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூரை, விரல் விரித்த தாமரை போன்ற அலபத்ம முத்திரை. தூண்கள் எல்லாம் அரைமண்டியில் முழங்காலை விரித்து நிற்கின்றன. வாசலில் இரும்புத் தகட்டில் வெட்டிய நடராஜர். தெரு அமைப்பு எங்கே என்று கேட்டேன். நான்கு ராஜவீதிகளையும் முன்வாசல் தரைக்கல்லில் கோடாகப் போட்டிருக்கிறோம் என்றார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் கட்டுகிற கலையரங்குகளும் பல ஊர்களில் இப்படித்தான் இருக்கின்றன. முகப்பில் ஒரு முத்திரை, உள்ளே கல்யாண மண்டபம்.

நான் நட்டுவாங்கம் செய்பவள். ஆடுகிற பெண்ணின் வலப்பக்கம் உட்கார்ந்து தாளத்தைத் தட்டி ஜதி சொல்லிக்கொண்டே அவள் காலைப் பார்ப்பதுதான் என் வேலை. என் இடத்திலிருந்து கூரை தெரியாது, தரைதான் தெரியும். குத்தடவில் ஒரு பெண் குதித்து முன்பாதத்தில் இறங்கிக் குதிகாலைக் குத்தும்போது அடியில் காங்கிரீட்டும் அதன்மேல் கிரானைட்டும் இருந்தால், அந்த அடி முழுக்க முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான் திரும்பிப் போகிறது. கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணம் ஒன்று முக்கால் மணி நேரம். மூன்றாம் காலம் என்கிற மிக வேகமான நடையில், ஜதியை முடிக்கிற தீர்மானம் வரும்போது கால் சத்தமே மாறிவிடும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மரச்சட்டம் அடித்து, அடியில் காற்றுக்கு இடைவெளி விட்டு, மேலே பலகை பரப்பிய தரை ஆடுகிறவளுக்குக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். சலங்கையின் ஒலியும் அதில்தான் துல்லியமாகக் கேட்கும். இதற்கு ஆகிற செலவு அந்த இரும்பு நடராஜருக்கு ஆவதைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தஞ்சாவூர் ஆட்டம் என்றதும் எல்லோருக்கும் பரதம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. பொய்க்கால் குதிரையும் இந்த ஊர் ஆட்டம்தானே. அதை ஆடுகிறவர்கள் ஏறக்குறைய ஓரடி உயரக் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு, இடுப்பில் குதிரைக் கூட்டை மாட்டிக்கொண்டு, நையாண்டி மேளத்துக்கு ராஜாவும் ராணியுமாகச் சுழல்கிறார்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் அந்தக் கட்டைக்கால் வழுக்கும். ஒரு விழாவில், பளபளவென்று மெருகேற்றிய மேடையில், குதிரைக்காரர் ஒருவர் கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து விரித்து, அந்தச் சாக்குக்குள்ளேயே தன் ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தெருவில் எட்டுப் போட்டு ஆடுகிற மனிதர் அவர். இன்னொரு கூத்து, ஒப்பனை அறையின் கதவு வழியாகக் குதிரைக் கூடு வெளியே வராது. வராந்தாவில் எல்லோர் கண்முன்னாலும் நின்றுதான் மாட்டிக்கொண்டார். அந்தக் கதவை வரைந்தவர் பார்த்த ஆட்டத்தில் குதிரை இருந்திருக்காது.

சரி, தெருவுக்கு வருகிறேன். நாட்டியத்தையும் தெருவையும் சேர்த்து எழுதி வைத்த பழைய ஆவணம் ஒன்று இந்த ஊரிலேயே கல்லில் இருக்கிறது. பெரிய கோயில் மதிலில் ராஜராஜன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014 வாக்கில், வெட்டுவித்த கல்வெட்டு. சோழ மண்டலத்துக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, கொண்டுவந்து கோயிலைச் சுற்றிக் குடியமர்த்திய விவரம் அதில் வருகிறது. தென்சிறகு, வடசிறகு என்று தெருவின் எந்த வரிசை, தலைவீடா இரண்டாம் வீடா மூன்றாம் வீடா, அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அத்தனையும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்கிறவர்கள், பாடுகிறவர்கள், கொட்டுகிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், தையற்காரர்கள், வண்ணார், நாவிதர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஆடுகிறவளும் துணி தைக்கிறவரும் ஒரே ஆவணத்தில், பக்கத்துப் பக்கத்தில். ஒரு கலைக்கூடத்துக்கு என்னென்ன அறைகள் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பட்டியலை நான் கொடுக்க முடியாது.

அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். சுவரில் அலங்காரம் வேண்டும் என்றால் அந்த 400 பெயர்களையும் வீட்டு எண்ணோடு பொறிக்கலாமே. இவர்களுக்குப் பின்னால் நூற்றாண்டுகளாகக் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய மரபுப் பெண்களை, தேவதாசி முறையைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சேர்த்துத்தான் நம் ஊர் இன்று பேசுகிறது. சட்டம் தேவையாக இருந்தது. அதற்காக அந்தப் பெண்கள் ஆடிய ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர்களை மதில் கல்லிலேயே விட்டுவிடுவது சரியில்லை.

கரணங்கள் என்கிற நாட்டிய நிலைகளின் சிற்பங்களைப் பற்றியும் பிள்ளைகள் கேட்டார்கள். பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் 108க்கு இடம் விட்டு 81 கரணங்கள்தான் செதுக்கப்பட்டுள்ளன, மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அந்த 27ஐ நாங்கள் கண்ணாடியில் செய்து முடிக்கட்டுமா என்றாள் ஒரு பெண். வேண்டாம் அம்மா என்றேன்.

இன்றைக்கு நாம் நடக்கிற நான்கு ராஜவீதிகள் நாயக்கர், மராட்டியர் காலத்துக் கோட்டை நகரத்தின் வீதிகள். மேல வீதியில்தான் தஞ்சை நால்வரின் பரம்பரை வீடு இருக்கிறது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்த நான்கு அண்ணன் தம்பிகள் இரண்டாம் சரபோஜி காலத்தில் அரண்மனையில் இருந்தவர்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற கச்சேரி முறையை ஒழுங்கு செய்து கொடுத்தவர்கள். அவர்கள் பாடம் சொன்ன இடம் அரங்கம் அல்ல, வீடு. இந்த வீதிகளின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவில் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கிணற்றடி என்று வீடு நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளிச்சம் முற்றத்தில் விழும், ஆட்டம் கூடத்தில் நடக்கும், தாயார்கள் ரேழியில் காத்திருப்பார்கள். கச்சேரி முறையைக் கோயிலுக்குள் போவதோடு ஒப்பிட்டுப் பேசினார் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையார், 1975இல் தமிழிசைச் சங்கத்தில். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், அப்படியே போய்ப் பதம் கருவறை. கட்டடம் வரைகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வரிசையை. வாசலில் நுழைந்ததும் ஆயிரம் நாற்காலியைக் காட்டாமல், தெருவிலிருந்து கூடம் வரை படிப்படியாக உள்ளே அழைத்துப் போகிற கட்டடம். பெரிய அரங்கம் ஒன்றுக்குப் பதில் முற்றத்தோடு கூடிய நான்கைந்து கூடங்கள் இருந்தால் வருடம் முழுக்கப் பாடம் நடக்கும். பெரிய அரங்கம் வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும்.

அப்புறம் மூலைகள். வைகாசியில் கருட சேவையன்று இருபதுக்கும் மேற்பட்ட பெருமாள்கள் வரிசையாக ராஜவீதிகளில் வருவதைப் பார்த்தால் ஒன்று புரியும். நேர் வீதியில் ஊர்வலம் நடந்துபோகிறது. மூலை வந்ததும் நிற்கிறது, திரும்புகிறது, மேளம் மாறுகிறது, கூட்டம் அங்கேதான் சேர்கிறது. நூறு வருடம் போல நின்றுபோயிருந்த பெரிய கோயில் தேரோட்டம் 2015இல் மறுபடி தொடங்கியபோதும், நான்கு வீதிகளிலும் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது தேர் திரும்புகிற இடங்களில். மேல வீதியும் வடக்கு வீதியும் சந்திக்கிற இடத்தில் மூலை ஆஞ்சநேயர் கோயிலே இருக்கிறது. ஆட்டத்திலும் கோர்வை முடிந்து திசை மாறுகிற இடத்தில்தான் கைதட்டல். கலைக்கூடத்தில் எங்கே அகலம் வேண்டும், எங்கே உட்கார இடம் வேண்டும் என்பதற்கு இந்த மூலைகள் போதும். ஒரே நீளத்துக்கு நடைவழி போட்டு, திருப்பத்தில் மாடிப்படியையும் தீயணைப்புக் கருவியையும் வைத்துத் திணிக்கிற பழக்கத்தை விட்டால் சரி.

பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகம் நடக்கிறதே, அங்கே தெருதான் அரங்கம். ஒரு முனையில் பந்தல் மேடை, எதிர்முனையில் பெருமாள் எழுந்தருளியிருப்பார், நடுவில் ஊர். கலைஞர்கள் பெருமாளுக்கு ஆடுகிறார்கள், நாம் இடையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம். பரதத்தின் பழைய வடிவமான சதிரிலும் ஒரு காலத்தில் நட்டுவனாரும் மேளக்காரர்களும் ஆடுகிறவளின் பின்னாலேயே நின்று, அவள் முன்னே போனால் தாங்களும் போய், பின்னே வந்தால் தாங்களும் வருவார்கள். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி இந்த நட்டுவனாரையும் மேளக்காரர்களையும் பக்கவாட்டில் உட்கார வைத்தார். அது நல்லதற்குத்தான், எனக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஆனால் புதிய அரங்குகளில் அந்தப் பக்க இடத்துக்குப் பெரும்பாலும் கணக்கே கிடையாது. நான், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஐந்து பேர் திரைச்சீலைக்குள் பாதி மறைந்து உட்காருகிறோம். ஆடுகிறவளின் பாதம் எனக்குத் தெரியாவிட்டால் தாளத்தைப் பிடித்து என்ன பயன்?

ஊரின் அமைப்பைக் கட்டடத்துக்குள் உருப்படியாகக் கொண்டுவந்ததற்கு ஓர் உதாரணம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. மாணவிகளோடு நிகழ்ச்சிக்குப் போனபோது ஜவாஹர் கலா கேந்திரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சவாய் ஜெய்சிங் 1727இல் நிறுவிய அந்த நகரம் ஒன்பது சதுரங்களாகத் திட்டமிடப்பட்டது. ஒரு மூலையில் மலை குறுக்கிட்டதால் அந்தச் சதுரத்தைப் பெயர்த்து வேறு பக்கம் வைத்தார்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா கட்டிய கேந்திரமும் ஒன்பது சதுரம், ஒவ்வொன்றும் 30 மீட்டர். ஒரு சதுரத்தை மட்டும் நகர்த்தித் திருப்பி, அந்த விலகலில் வாசலை வைத்திருக்கிறார். ராஜஸ்தானத்து ஒட்டகமோ தலைப்பாகையோ முகப்பில் நிற்கவில்லை. நடுச் சதுரம் படிக்கட்டுகளோடு வானம் பார்த்துக் கிடக்கிறது, அதில் ஆடலாம், சும்மா உட்கார்ந்தும் இருக்கலாம். நகரத்தின் கோணலை அந்த மனிதர் மறைக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டார். நம் ராஜவீதிகளைப் பிளந்துகொண்டு போகிற சந்துகளை வைத்தும் ஒருவர் இப்படி யோசிக்க முடியும்.

எனவே, கட்டுவது யாராக இருந்தாலும் நான் கேட்பது இதுதான். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே ஒரு நட்டுவனார், ஒரு பொய்க்கால் குதிரைக்காரர், ஒரு நையாண்டி மேளக்காரர், ஒப்பனைக்காரர் ஒருவர் ஆகியோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். திறப்பு விழாவில் சால்வை போடுவதற்கு மட்டும் கூப்பிட வேண்டாம். தரைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரிப் பலகையைப் பத்தடிக்குப் பத்தடி பரப்பி, கட்டைக்காலோடு ஒருவரையும் சலங்கையோடு ஒருத்தியையும் ஆடவிட்டுப் பாருங்கள். ஒப்பனை அறையின் கதவு எத்தனை அடி என்பதைக் குதிரைக் கூட்டை அளந்த பிறகு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நட்டுவாங்க ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.