கீழக்குயில்குடிக்கு ஒரு நன்றி மடல்

கீழக்குயில்குடி உறவுகளுக்கு,

வணக்கம். உங்கள் பிள்ளைகள் 14 பேர், 8 ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதிய கவிதைகள் தொகுப்பாகக் கைக்கு வந்துவிட்டன. நன்றிதான் பாக்கி.

முதலில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ‘மழை’ என்று தலைப்புக் கொடுத்தேன். 14 பேரும் மயிலை ஆடவிட்டு, உழவரைச் சிரிக்கவைத்து, தாளை நீட்டிவிட்டார்கள். எல்லாம் பாடப்புத்தக மழை. உங்கள் ஊர்ச் சமணர் மலைப் பாறையில் வழிகிற மழை ஒன்றில்கூட இல்லை. அடுத்த வாரம் தலைப்பே கொடுக்கவில்லை. தாமரைக் குளத்துப் பக்கம் உட்காரவைத்து, “நீ மட்டும் பார்த்தது ஏதாவது ஒண்ணு சொல்லு” என்றேன். அப்புறம்தான் இது வந்தது:

அப்பத்தா காதுல தண்டட்டி இருந்துச்சாம்.
அத வித்துத்தான் அத்தை கல்யாணம்.
இப்ப அந்த ஓட்டையில காத்து ஆடுது.

எழுதியது ஐந்தாம் வகுப்புப் பெண். நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா சிவப்புப் பேனாவோடு வந்தவர். ‘இருந்துச்சாம்’ என்ற இடத்தில் கை போனது. ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஐயா, அந்த ஒரு நிமிடத்துக்கே தனி நன்றி. குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவர்களை அவரவர் பாட்டுச் சொல்லாலேயே ‘அணிலாடு முன்றிலார்’, ‘செம்புலப் பெயனீரார்’ என்கிறோம் இல்லையா? அதே வழக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெண் இப்போது ‘காற்றாடு காதினார்’. பத்து வயதில் ‘ஆர்’ விகுதி கிடைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. (ஆட்டுக்கயிற்றைப் பாடிய பயல் தன் பெயரை இன்னும் ஏற்கவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது.)

வடைக்குக் கணக்கே சொல்லாத டீக்கடை அண்ணனுக்கும், தாள் காசு மட்டும் வாங்கிக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் நன்றி. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்ட நாளிலும் பிள்ளைகளை அனுப்பிவைத்த அக்காமார்களே, உங்களுக்கும்தான்.

கடைசியாக அந்த அப்பத்தாவுக்கு. கவிதையைப் பேத்தி வாசித்ததும் காதைத் தடவிப் பார்த்தார். “ரெண்டு காதுலயும்னு எழுதச் சொல்லுங்க” என்றார்.

சரி அப்பத்தா. அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம்.