மருந்துக் கொட்டடியை வாசகசாலை ஆக்குவோம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் மருந்துக் கொட்டடியில் ஆடு கட்டியிருப்பீர்கள், ஒளிந்து விளையாடியிருப்பீர்கள். ஆஸ்பத்திரி மருந்து வைத்திருந்த இடம் என்று நினைத்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. அது கிழக்கிந்தியக் கும்பெனிப் பட்டாளத்தின் வெடிமருந்துக் கிடங்கு. சுவரில் உள்ள காற்றுத் துளைக்குள் கையை விட்டுப் பாருங்கள் (பாம்பு இல்லை, பார்த்துவிட்டோம்). முழங்கை வரை போய் முட்டும், அப்புறம் பக்கவாட்டில் திரும்பும். காற்று நுழையலாம், தீப்பொறி நுழையக் கூடாது என்று அப்படி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

வெடிமருந்துக்கும் புத்தகத்துக்கும் ஈரம்தான் எதிரி. மருந்து நனையாமல் காத்த கட்டடத்தில் புத்தகம் வைக்கலாமே என்றுதான் வாசகசாலை யோசனை வந்தது. பாளையங்கோட்டையில் கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை அடைத்துவைத்ததாகச் சொல்லப்படும் மேற்கு வாசல் ‘மேடை போலீஸ் ஸ்டேஷன்’ என்ற பெயரோடு நிற்கிறது. ஆள் புழங்கியதால்தான் அது தப்பியது என்பது எங்கள் எண்ணம். வாசகசாலை வந்தால் நம் கொட்டடியிலும் ஆள் புழங்கும்.

இப்போது நம் கொட்டடியிலும் ஈரம் ஏறிவிட்டது. முன்பு யாரோ நல்லெண்ணத்தில் பூசிய சிமெண்டுதான் காரணம். சுவருக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லை மாவாக்குகிறது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். கூரை மேல் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வரும். வேரை வெட்டி, பட்டுப்போக விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

“இருட்டாக இருக்கிறதே, ரெண்டு ஜன்னல் உடைத்துவிட்டால் என்ன?” என்று பலர் கேட்டார்கள். வளைவுக் கூரையின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்தப் பக்கச் சுவர்கள்தான். அதில் கை வைக்க மாட்டோம். சுவரில் ஆணி அடிக்காமல், தனிச் சட்டத்தில் விளக்கு மாட்டுவோம். அலமாரிகளும் சுவரை ஒட்டாமல் தள்ளியே நிற்கும்.

சரி, நீங்கள் என்ன தரலாம்? பணம் தந்தால் ஐம்பது ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவு கொட்டடி வாசலிலேயே மாதாமாதம் ஒட்டப்படும். பணமாக முடியாதவர்கள் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி தரலாம். கருப்பட்டி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வாயில் போடப் போவதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், வயதானவராக இருந்தாலும் கூட்டி வாருங்கள். நாற்காலி போட்டு உட்காரவைக்கிறோம், பதம் மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.

ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
கொட்டடிப் பராமரிப்புக் குழுவினர்